விரதத்தில் சேராத மாத்திரை

என் வீட்டுக்காரருக்குப் பல்லில் சீழ் கோத்துக் கன்னம் வீங்கியது சரியாகப் புரட்டாசி மாதத்தில். தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டுப் பக்கம் அவர் லேத் பட்டறை வைத்திருந்த காலம். பல் டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று சீழுக்கான ஆன்டிபயாடிக். அதை முழுசாக முடிக்க வேண்டும். இன்னொன்று வலிக்கு, சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். இவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நானும் கேட்டேன். இவருக்குக் காது எங்கே போயிற்றோ!

வீக்கம் கொஞ்சம் வற்றியதும் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார். உடம்புக்குச் சூடாம்! வலி மாத்திரையை மட்டும் சுருக்கென்றால் ஒன்று என்று விழுங்கினார். அது போதாதென்று மெடிக்கல் ஷாப்பில் பல்வலி என்று சொல்லி, பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரை வேறு. அதற்குள்ளும் ஒரு வலி மாத்திரைதான் இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டால்தானே?

சனிக்கிழமை வந்தது. பெருமாளுக்குப் படைக்கும்வரை தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாத விரதம். அடுப்படியில் நான் வெந்துகொண்டிருக்க, இவர் மாத்திரையைப் பிரிக்கிறார்.

"ஏனுங்க, வெறும் வயித்துலயா? ஒருநா விரதத்த உட்டா சாமி கோவிச்சுக்குமாங்க?"

"மாத்திர என்ன சோறா? அதெல்லாம் விரதத்துல சேராது அம்மணி. நீ வடையப் பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

கற்பூரம் காட்டுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வாந்தி, காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பு ரத்தம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனோம். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றார்கள். மனுஷன் பிழைப்பாரா என்று வந்த நர்ஸையெல்லாம் கேட்டேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் மருந்தைப் பாதியில் விட்டதால் சீழ் மறுபடி கோத்து, கன்னம் முன்னைவிடப் பெரிதாக வீங்கிவிட்டது. ஆன்டிபயாடிக்கை ஊசியாக ஏற்றினார்கள். அந்த வலி மாத்திரை இனி இவருக்கு ஆகவே ஆகாது, வலிக்குக் காய்ச்சல் மாத்திரையோடு பொறுத்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"தாங்க முடியல அம்மணி. அந்த வலி மாத்திரைல பாதியாச்சும் குடு" என்று கெஞ்சினார்.

"வாய மூடிட்டுப் படுங்க" என்றேன். அதற்குமேல் திட்டத் தெம்பில்லை, அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.