கோரை இருந்த இடத்தில் மேடை

ஏற்காடு ஏரிக்கரையில் மண் கரையாமலிருக்கவும் நீர்க்கோழிகள் கூடு கட்டவும் நானும் என் மனைவியும் கோரை நட்டு வளர்த்தோம்.

போன மாதம், ஏரியைக் காத்தவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்த ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், கோரையை அடியோடு வெட்டிவிட்டு அந்த இடத்திலேயே மேடை போட்டிருந்தார்கள்.

"ஏனுங்க, இங்கிருந்த கோரை எங்கீங்க?" என்று கேட்டேன்.

"ஒரே புதராக் கெடந்துச்சுங்க. நீங்க வர்றீங்கன்னுதான் நொம்பச் சிரமப்பட்டுச் சுத்தம் பண்ணுனோம்," என்றார் விழாத் தலைவர்.

மேடைக்கடியில் ஒரு நீர்க்கோழி கூட்டைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. நான் பொன்னாடைக்குக் குனிந்தேன், போட்டோவுக்குச் சிரித்தேன்.

பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த மனைவி, "ஏரி இப்ப முழுசாத் தெரியுதுங்க," என்றாள்.

என்னை அவமானப்படுத்தியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். மரியாதை செய்தார்கள், வாயை மூடிக்கொண்டேன்.