மீட்டர் மறைத்த எதிரொலி

தாராவியில் கேபிள் சிக்னல் பார்ப்பது என் வேலை. ஆடி மழையில் ஒரு மாலை, இட்லிக்கடை ஒன்றில் மீட்டரோடு நின்றிருந்தேன். கடை டி.வி.யில் கிரிக்கெட் சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தது. மற்ற சேனல்கள் தெளிவாக இருந்தன. செட்டாப் பெட்டியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பக்கத்துத் தோல் பட்டறை ஆட்கள் மேட்ச் பார்த்துக்கொண்டே சாப்பிட வருபவர்கள். படம் உடைந்ததிலிருந்து எதிர்க் கடைக்குப் போகிறார்கள்.

அந்தச் சேனலை அளந்தேன். தரம் நன்றாகவே இருந்தது.

"சிக்னல் சரியாத்தான் இருக்கு."

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய அண்ணாச்சி? டி.வி.கிட்டச் சொல்லுங்க," என்றார் கடைக்காரப் பெண். "இன்னைக்கு மேட்ச்ல படம் ஒடஞ்சா, நாளைக்கு ஒங்க வயரப் பிடுங்கிட்டு டிஷ் மாட்டிருவேன்."

மீட்டரும் டி.வி.யும் ஒரே வயரில் வேறு வேறு கதை சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. மீட்டருக்குள் ஈக்வலைசர் என்றொரு பகுதி உண்டு. வயரில் முட்டித் திரும்பி வரும் எதிரொலியைச் சரிசெய்துவிட்டுத்தான் அது அளவைக் காட்டும். பெட்டியிலும் ஒன்று உண்டு; மலிவானது, அவ்வளவு வலு கிடையாது. மீட்டரில் உள்ளதை நான் எப்போதும் இயக்கத்தில் வைத்தே அளப்பவன். அன்று செட்டிங்கைத் திறந்து அதை நிறுத்தினேன். தரம் சட்டென்று சரிந்தது. மறுபடி இயக்கி, அது எதைத் திருத்துகிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தேன். நேராக வரும் சிக்னலைக் குறிக்கும் நடுக் கோட்டை ஒட்டியே இன்னொரு கோடு நின்றது. எதிரொலி வெகு பக்கத்திலிருந்து வருகிறது.

அண்ணாந்து பார்த்தேன். கடை வயரிலிருந்து ஒரு கிளை, கறுப்பு டேப் சுற்றி, மாடி அறைக்கு ஏறியது.

"மேல யாரு?"

"ஊருக்குக் கோயில் கொடைக்குப் போயிருக்காவ. சாவி எங்கிட்டத்தான் இருக்கு. கூரை ஒழுகுதுன்னு நாந்தான் வயரப் பிடுங்கிட்டு, டி.வி.க்குப் பிளாஸ்டிக் சுத்தி வச்சேன்."

"படம் எப்பலேருந்து ஒடையுது?"

அவர் கரண்டியோடு நின்றுவிட்டார். "அதுக்குப் பொறவுதான்..."

இரும்பு ஏணியில் ஏறினோம். பிடுங்கிய முனை தரையில் கிடந்தது. போக்கிடம் இல்லாத சிக்னல் அங்கே முட்டி, கடை டி.வி.க்கே திரும்பியிருக்கிறது. அந்தக் கிளையின் நீளத்துக்குக் கிரிக்கெட் சேனலின் அலைவரிசைதான் அடிபட்டிருக்கிறது. அதை விழுங்கிக்கொள்ளும் சின்ன மூடி ஒன்றை முனையில் திருகினேன்.

"அப்ப ஒங்க மிசினு பொய் சொல்லிச்சா?"

"பொய் இல்ல. தப்ப அதுவே திருத்திட்டு மார்க் போட்டுருச்சு."

"நல்ல வாத்தியாருதான்! எனக்கு அப்படி ஒருத்தர் வாய்க்கலியே."

கீழே வந்து, ஈக்வலைசரை நிறுத்தியே மறுபடி அளந்தேன். இம்முறை தரம் சரியவில்லை. டி.வி.யில் டாஸ் போடும்போது நாணயம் சுழல்வது துல்லியமாகத் தெரிந்தது. அவர் வாசலுக்குப் போய், எதிர்க் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலேய், இங்க படம் ஒடையல! வந்து உக்காருங்கல!"

முதலில் இரண்டு பேர் தட்டோடு எழுந்தார்கள். எதிர்க் கடைக்காரர் தட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டார்.