மாயக்காள் வீட்டில் மூன்று நாள்

மாயக்காளுக்கு நாய்க்காரி என்று பட்டப்பேர் வைத்தவன் நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு யோக்கியதை இல்லை. என் பேர் விஜய்பாண்டி. காமயகவுண்டன்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி யுவராணி சொல்வாள். கொஞ்சம் என்று சொல்வது அவளுடைய பெருந்தன்மை.

மாயக்காள் பதினைந்து வருஷமாக என் தோட்டத்தில் திராட்சைக் காய் வெட்டுகிறவள். புருஷன் ராக்கப்பன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். ஒரே மகளைப் போடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வாய்க்கால் ஓரமாக இரண்டு அறை ஓட்டு வீடு. அதற்குள் ஐந்து நாய், ஒன்பது பூனை. ஒன்றுகூட அவள் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. வண்டியில் அடிபட்டது, சாக்கில் கட்டி வாய்க்காலில் வீசியது, சொறி பிடித்ததென்று விரட்டிவிட்டது, எல்லாம் அந்த ரகம்தான்.

கூலி வேலைக்காரிக்கு இது என்ன கிறுக்கு என்று நான் கேட்காத நாள் கிடையாது. "ஏத்தா, ராக்கப்பனுக்குச் சோறு மிஞ்சுமா, இல்ல அதையும் பூனை தின்னுருமா?" என்பேன். காய் வெட்டும் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த குலைக்குக் கத்தரியைக் கொண்டுபோவாள்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவள் என்னிடம் முறைத்திருக்கிறாள். எங்கள் தோட்டத்து நாய் மைனருக்கு நான் உதிர்ந்த பழத்தைத் தூக்கிப் போடும்போதெல்லாம், "அண்ணே, நாய்க்குத் திராட்சை ஆகாதுண்ணே. விசம்" என்பாள். எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊரில் நாய்க்குத் திராட்சை போடாத தோட்டம் எது? காடு பூராவும் கொடி, காலடி பூராவும் பழம். ஊர்நாய் அத்தனையும் அதைத் தின்றுவிட்டுத்தான் பந்தலைத் தாங்கும் கல்லுக்கால் ஊன்றிய வரப்பெல்லாம் ஓடித் திரிகின்றன. "விசமா இருந்தா இந்நேரம் ஊருல ஒரு நாய் மிஞ்சியிருக்காதுடி, போ" என்று விரட்டிவிடுவேன்.

போன வருஷம் வெட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பழுத்த காய் எல்லாம் தண்ணீர் குடித்து வெடித்துவிட்டன. வெடித்த காயை எந்த வியாபாரி எடுப்பான்? எரிச்சலில் நாலு கூடையைக் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்தேன். மைனர் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அதில் முகத்தைப் புதைத்தான். நாசமாய்ப் போனது நாய்க்காவது ஆகட்டும் என்று சிரித்து, செல்போனில் வீடியோ எடுத்து யுவராணிக்கு அனுப்பினேன். எங்கள் மகள் பிரசவத்துக்காக அவள் திருப்பூரில் இருந்தாள். "எம்புள்ளைக்கு நல்ல விருந்துதேன்" என்று பதில் போட்டாள். கண் திறக்காத குட்டியாக இருந்தபோதே மைனரைக் கொண்டுவந்து பஞ்சில் பால் நனைத்து வளர்த்தவள் அவள். அவனும் அவளைத் தவிர யாரையும் கிட்டே அண்டவிட மாட்டான். என்னையே இரண்டு தடவை கடித்திருக்கிறான்.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் வாந்தி. மழைக்கு முளைத்த புல்லைத் தின்றிருப்பான் என்று நினைத்தேன். வேலைக்கு வந்த மாயக்காள் அந்த வாந்திக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். குச்சியால் கிளறினாள். திராட்சைத் தோல் தெரிந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எப்பத் தின்னுச்சு?"

"நேத்து மத்தியானம்."

"பாவி மனுசா" என்றாள். பதினைந்து வருஷத்தில் என்னை அவள் அப்படிச் சொன்னதில்லை. கத்தரியை அங்கேயே போட்டாள். மைனர் உறுமினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் போய் உட்கார்ந்து, புறங்கையை மட்டும் அவன் மூக்குக்கு நேராகத் தரையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் அதை முகர்ந்தான். அடுத்த நிமிஷம் அவன் அவள் தோளில் கிடந்தான். நான் லோடு ஆட்டோவை எடுத்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கிட்னி அடிவாங்கியிருக்கிறது என்றார். ஒரு நாய்க்கு ஒன்றும் செய்யாத திராட்சை இன்னொரு நாயைக் கொன்றுவிடும், எந்த நாய்க்கு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். முன்காலில் ஊசியைக் குத்தி, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "இது விடாம இறங்கணும். மூத்திரம் வந்துச்சுன்னா பிழைச்சுக்கும். மூணு நாள்ல வரலைன்னா, நான் வேற என்ன சொல்றது?" என்றார். பிறகு மாயக்காளைப் பார்த்து, "உங்க வீட்டுக்கே கொண்டு போயிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களையே உட்காரச் சொல்லாத டாக்டர் அவர். எனக்குப் பொட்டில் அடித்தமாதிரி இருந்தது.

அவள் வீட்டுக்குள் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் காலெடுத்து வைத்தேன். நாற்றமடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். சாம்பிராணி வாசம்தான் வந்தது. ஐந்து நாயும் எழுந்து நின்றன, ஒன்றுகூடக் குரைக்கவில்லை. "அங்கன போங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னதும் எல்லாம் அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. என் வீட்டில் நான் சொல்லி ஒரு கோழி நகர்ந்ததில்லை.

துணி காயப்போடும் கொடியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாள். மைனரைப் பழைய சேலையில் கிடத்தினாள். பிறகு அவள் செய்ததை எல்லாம் நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அமுக்குவாள். வெளுத்த இடம் மறுபடி சிவப்பதை உற்றுப் பார்ப்பாள். வாயை முகர்வாள். காதைத் தொட்டுச் சூடு பார்ப்பாள். சொட்டு வேகமாக விழுந்தால், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவள் கை தானாகப் போய்க் குழாய்த் திருகைத் திருகும். இதை எல்லாம் எங்கே படித்தாள்? நான் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவன், கொடிக்கு நோய் பார்க்கிறவன். அந்த வீட்டில் நான் ஒண்ணுந்தெரியாத பயலாக உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஒற்றைக் கண் பூனை ஒன்று வந்தது. பூனையைக் கண்டால் மரம் ஏற்றாமல் விடாதவன் மைனர். நான் விரட்டக் கையை ஓங்கினேன். "இருங்கண்ணே. அதுக்கு வேலை இருக்கு" என்றாள் மாயக்காள். பூனை மைனரின் முதுகை ஒட்டிச் சுருண்டு படுத்தது. அவன் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது, பூனை விடிய விடிய அங்கிருந்து நகரவில்லை. யார் அதற்குச் சொன்னது? என் தாயே, எனக்கு உடம்பு புல்லரித்துப்போயிற்று.

இரண்டாம் நாளும் மூத்திரம் வரவில்லை, சேலை நனையவில்லை. யுவராணி போனில் கூப்பிட்டு மைனர் என்ன செய்கிறான் என்றாள். தூங்குறான் என்றேன். போனை வைத்ததும் மாயக்காள் திரும்பினாள்.

"யாரு நாய்ண்ணே இது?"

"அவ நாய்தேன்."

"அப்ப அவுககிட்ட மறைக்க நீங்க யாரு? நாளைக்கு ஒண்ணுன்னா, ஒரு வார்த்தை பேச விடலையேன்னு காலம் பூராவும் கெடந்து மருகுவாக. போடுங்க போனை."

போட்டேன். சொன்னேன். வீடியோ எடுத்ததையும் சேர்த்துச் சொன்னேன். யுவராணி முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவன் காதுல வையுங்க" என்றாள். வைத்தேன். "ஏலே மைனரு, ஆத்தா வெள்ளிக்கிழமை வந்துருவேன்டா. எங்கயும் போயிராதடா" என்று அழுதுகொண்டே சொன்னாள். மைனரின் வால் நுனி ஒரு தடவை அசைந்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன், யார் பார்த்தால் என்ன.

திரும்பி வந்து, "திராட்சை ஆகாதுன்னு உனக்கு எப்படித்தா தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கிட்ட மொத மொத ஒரு நாய் இருந்துச்சுண்ணே. நான் வேலை விட்டு வார நேரத்துக்கு வாய்க்கால் பாலத்துல வந்து நிக்கும். தெனமும் மடியில நாலு பழம் கட்டிக்கிட்டுப் போவேன். நம்ம தோட்டத்துப் பழந்தேன். ரெண்டு வருசம் தின்னுச்சு, ஒண்ணும் ஆகல. மூணாவது வருசம் இதே மாதிரி வாந்தி. என்ன குடுத்தன்னு டாக்டர் கேட்டாக. சோறு, பாலு, மீன்தலைன்னு சொல்லிக்கிட்டே வந்து திராட்சைன்னேன். அவுக பேனாவைக் கீழ வச்சுட்டாக." குழாய்த் திருகைச் சரிசெய்தாள். "எங் கையாலதேன் குடுத்தேன். சாகுற அன்னிக்கும் அந்தக் கையைத்தேன் நக்குச்சு."

அழவில்லை. ஈறை அமுக்கிப் பார்க்கப் போய்விட்டாள். அந்த நாய் செத்த மாதம்தான் அவள் வீட்டுக்கு அடிபட்ட குட்டி ஒன்று வந்ததாம். அதற்கப்புறம் எதையும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம்.

மூன்றாம் நாள் மத்தியானம். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மாயக்காள் மைனரின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தாள். "தெரியுதா?" உள்ளே ஒரு சாத்துக்குடி அளவுக்கு விண்ணென்று இருந்தது.

"கிட்னி வேலை செய்யுதுண்ணே! இவன்தேன் பெய்ய மாட்டேங்குறான். அடக்கி வச்சிருக்கான்."

"எதுக்கு அடக்கணும்?"

"இது அடுத்தவுக வீடாச்சே. இவன் எங்க பெய்வான்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குட்டியில் வீட்டுக்குள் பெய்ததற்கு யுவராணி ஒரு தடவை அதட்டினாள். அன்றிலிருந்து அவன் தோட்டத்துக் கல்லுக்காலில் மட்டும்தான். சாகக் கிடக்கும்போதும் அவள் பேச்சை மீறாமல் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான் போலிருக்கிறது. இவனையா நான் வெறும் நாய் என்று நினைத்திருந்தேன்?

பாட்டிலைக் கழற்றி நான் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் மைனரைச் சுமந்துகொண்டு லோடு ஆட்டோவில் ஏறினாள். பாட்டிலை ஆட்டோக் கம்பியில் மாட்டிவிட்டு நான் ஓட்டினேன். பந்தலுக்குள் முதல் கல்லுக்காலுக்குப் பக்கத்தில் இறக்கினாள். நிற்கத் தெம்பில்லை. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். அவன் கல்லை முகர்ந்தான். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முகர்ந்தான். காலைத் தூக்க முடியாமல் நடுங்கிக்கொண்டே, நின்றபடி பெய்தான்.

எத்தனை நேரம் என்கிறீர்கள்! கல்லில் பட்டு மண்ணில் ஓடி என் செருப்பை நனைத்தது. காலை நான் எடுக்கவே இல்லை. சாமி கும்பிடும்போதுகூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. மாயக்காள் ஒரு கையை நீட்டி அதில் பிடித்து முகர்ந்தாள்.

"நல்லா வருதுண்ணே. பிழைச்சுக்கிட்டான்."

சொன்ன மாத்திரத்தில் அவள் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மைனரின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அதுவரை நான் அவளிடம் கேட்டே இராத குரலில் வாய்விட்டு அழுதாள். "செல்லி... ஏ செல்லி... எந்தங்கமே... ஆத்தாளுக்குத் தெரியலைடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாட்டிலைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்றேன். இது மைனர் என்று நான் சொல்லவில்லை. கிட்டே வந்தவரைக் கடிக்கிற எங்கள் மைனர், அந்தப் பேருக்கு வாலை ஆட்டிக்கொண்டு, அவள் கையை நக்கினான்.