நர்ஸ் யொலிமாவின் கத்தரிக்கோல்

எங்கள் மெடலின் நகரில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். அதிலிருந்து விழுகிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன். காயம் எங்கெங்கே என்று தெரிய, வந்தவரின் உடுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது நர்ஸ் யொலிமா. பத்தொன்பது வருடத்தில் அவள் வெட்டாத கால்பந்து ஜெர்சி கிடையாது. கால் முறிந்தவன்கூட, “அக்கா, ஜெர்சியை மட்டும் விட்டுடுங்க” என்று கெஞ்சுவான். “கத்து, நல்லா கத்து” என்றபடி அவள் வெட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யெய்சன் என்ற இளைஞனைக் கொண்டுவந்தார்கள். அவன் வண்டியில் பஸ் மோதியிருந்தது. வெளியே ஒரு சிராய்ப்புதான். ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. போட்டிருந்தது எங்கள் ஊரின் சிவப்புக் கால்பந்து அணியின் புத்தம்புது ஜெர்சி. கத்தரிக்கோலைப் பார்த்ததும், “வெட்டிக்குங்க அக்கா, பரவாயில்ல” என்றான்.

யொலிமாவின் கை நின்றது. “டாக்டர், இவனை முதல்ல பாருங்க.”

“அவன் நல்லாத்தானே பேசுறான்?” என்றார் டாக்டர் உர்ரேகோ.

“அதான் பயமா இருக்கு.”

அவள் ஜெர்சியை வெட்டி எடுத்ததும், டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தார். உள்ளே ரத்தம். மண்ணீரல் கிழிந்திருந்தது. பத்து நிமிடத்தில் யெய்சன் ஆபரேஷன் மேஜையில் இருந்தான்.

ஒரு மாதம் கழித்து நடந்தே வந்தான், சண்டைக்கு.

“யாரைக் கேட்டு என் ஜெர்சியை வெட்டினீங்க?”

“நீதானேப்பா வெட்டச் சொன்னே.”

“நானா? செத்தாலும் சொல்ல மாட்டேன்!”

“அதனாலதான் டாக்டரைக் கூப்பிட்டேன்” என்றாள் யொலிமா, கத்தரிக்கோலைத் துடைத்தபடி.