எட்டு இல்லாத எண்

ஃபிஜித் தீவில், சபேட்டோ கிராமத்தில் எங்கள் வீட்டு வராந்தாவின் தகரச் சுவர் முழுவதும் அத்தையின் சாக்பீஸ் கணக்குகள்தான். அத்தை அப்பாவின் தங்கை. பக்கத்து ஊரான நாடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சாரல் எதை அழித்தாலும் 12345679 என்ற எண்ணை மட்டும் மறுபடி எழுதிவிடுவாள். ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வரும். நாற்பத்தைந்தால் பெருக்கினால் ஒன்பது ஐந்துகள்.

“எட்டு எங்க போச்சு அத்த?”

“ஒன்பது ஒண்ண வரிசையா எழுதி, ஒன்பதால வகுத்துக்கிட்டே வா பாப்பா. ஏழு போட்டப்புறம் எட்டு மிச்சம் நிக்கும். கடைசி ஒண்ண இறக்குனா எம்பத்தொண்ணு. அதுல ஒன்பது சரியாப் போயிடுது. எட்டுக்கு வேலையே இல்ல.”

அந்த எண்ணை 37, 333667 என்று இரண்டாக உடைக்கலாம், அதற்குமேல் உடையாது என்பாள். அதை வகுத்து வகுத்துப் பார்த்தே ஒரு பள்ளி விடுமுறையைக் கழித்தவள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கரும்பை வெட்டாமலே விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிறு காலை எங்கள் வாசலில் ராணுவ லாரி நின்றது. ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் இறங்கினார்கள். சிப்பாய்களில் ஒருவன் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஃபிஜிப் பூர்வகுடி கிராமத்துப் பையன், அத்தையிடம் படித்தவன். “புலா, மேடம்” என்று மெல்ல வணக்கம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அதிகாரி சுவரைக் காட்டினார். “இதெல்லாம் என்ன? ரகசியச் செய்தியா?”

“கணக்கு” என்றாள் அத்தை. “என் மாணவன்தான் நிக்கிறானே, அவனையே கேளுங்க.”

அதிகாரி தலையசைத்ததும் அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாக்பீஸை எடுத்தான். “எந்த இலக்கம் சார்?”

“ஏழு.”

எட்டு இல்லாத அந்த எண்ணை ஏழொன்பது அறுபத்துமூன்றால் பெருக்கினான். ஒன்பது ஏழுகள் பிசகாமல் வந்தன. நான் கைதட்டினேன். அதிகாரி சிரித்தார்.

“நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க, மேடம். வண்டியில ஏறுங்க.”

அப்பா லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு இந்தியில் கெஞ்சினார். இன்னொரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவர் நெஞ்சில் இடித்தான். அத்தையின் மாணவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அத்தையைச் சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். வலது கை விரல்கள் வீங்கி மடங்காமல் இருந்தன. “விழுந்துட்டேன்” என்றாள். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கரும்பு வெட்டு முடிவதற்குள் அவள் ஆக்லாந்துக்குப் போய்விட்டாள்.

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து ராணுவத்தைக் கண்டித்தவர்களில் அத்தையும் ஒருத்தி என்பதை அப்பா எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். அதுவரை, அதிகாரிக்குக் கணக்கு சரியாகப் புரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை லாரி வந்தால் தெளிவாகச் சொல்லிப் புரியவைத்துவிட வேண்டுமென்று, வகுத்தலை ஒவ்வொரு படியாக, சத்தம்போட்டுச் சொல்லிப் பழகினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்துவாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.