வழியை நான் பார்த்துக்கொள்கிறேன்

பச்சைக் கதவுக்கு முன்னால் வந்ததும் அகத்தினா நின்று, மூச்சை இழுத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைக்கிறாள். "உங்கள் இடப்பக்கம் ஒரு பச்சைக் கதவு. அதைத் தாண்டிப் பதினாறு படிகள் இறங்குங்கள்." பிறகு தானே எண்ணிக்கொண்டு இறங்குகிறாள். பதினாறு. சரியாக இருக்கிறது. நேற்றும் பதினாறுதான். கல்படி ஒரே ராத்திரியில் கூடவா போகிறது, குறையவா போகிறது என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

ஐம்பத்தெட்டு வயது. குட்டையான, அகன்ற உடம்பு. கணுக்கால் இரண்டும் எப்போதும் வீங்கியே இருக்கும். அந்தக் கால்களோடு தினமும் காலை ஏழரை மணிக்குக் கடலோர ஊரான தொரெமாராவின் கோட்டை வாசலிலிருந்து கிளம்புவாள். ஊரார் துணி துவைத்த பழைய துணிதுறை, மீன்காரத் தெரு வளைவு, மாதா கோயில், கடல்மதில், அதன் முனையில் கோபுரம். ஐம்பத்திரண்டு நிமிடம். ஒன்பது மணிக்கெல்லாம் கோட்டை வாசலில் உள்ள மரக்கூண்டைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஊர் பார்க்க வருகிறவர்களிடம் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளங்கையளவு கருவி ஒன்றையும் காதை முழுக்க மூடுகிற ஹெட்போனையும் கொடுப்பது அவள் வேலை. வழிகாட்டி யாரும் கூட வருவதில்லை. மாட்டிக்கொண்டு நடந்தால் ஒரு குரல் பேசும். அது சொல்கிற இடத்தில் திரும்பி, சொல்கிற இடத்தில் நின்று, அவரவர் பாட்டுக்கு ஊரைச் சுற்றிவிட்டு வரலாம். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் யார் யாரோ பேசியவை. இத்தாலிய மொழியில் பேசுவது அகத்தினா.

ஆனால் கூண்டில் இருப்பவள்தான் காதில் பேசுகிறாள் என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. வந்தவர்களிடம் அவள் வாயைத் திறப்பதே கிடையாது. பொத்தானை விரலால் தொட்டுக் காட்டுவாள், வாசல் பக்கம் கையை நீட்டுவாள், அவ்வளவுதான். ஊமை என்று நினைத்துப் பரிதாபமாகச் சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

"மூஞ்சியப் பாத்துட்டா காதுல கேக்கறது அந்தக் குரலா இருக்காதுடா. வீங்கின காலுதான் ஞாபகத்துக்கு வரும்" என்பாள், எதிர்க்கடைத் துரிட்டுவிடம்.

துரிட்டு காப்பிக்கடைக்காரன். கடைக்கு இரண்டு வாசல். முன்வாசல் கோட்டை வாசலைப் பார்த்தது, பின்பக்கத்து மொட்டைமாடி கடல்மதிலைப் பார்த்தது. அகத்தினாவுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் ரேடியோ மகாராணி.

குரல் வந்த கதை இது. கிறிஸ்துமஸ் வாரத்தில் கோயில் கூடத்தில் தம்போலா ஆடுவார்கள். எண்களைக் கூவுவது வருடாவருடம் அகத்தினாதான். "எழுபத்தேழு, பொம்பளைங்க காலு! என் காலு இல்ல, நல்ல காலு!" என்று அவள் கூவினால் சுவரோரம் தூங்குகிற கிழவர்கள் விழித்துக்கொள்வார்கள். பலெர்மோவிலிருந்து ஒலிப்பதிவுக்கு ஆள் தேடி வந்தவர் ஒரு தடவை அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். மறுநாள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பேராசிரியர் ஒருவர் எழுதிக்கொடுத்த காகிதங்களில் வரியெல்லாம் வருஷக்கணக்கு. எந்த அரசன் எந்த நூற்றாண்டில் எந்தக் கல்லை வைத்தான் என்று இருந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இதக் கேட்டுக்கிட்டு நடந்தா படியில உருண்டுருவாங்க" என்றாள். பதிவுக்காரரையும் இழுத்துக்கொண்டு நடந்தே பேசிப்பார்த்தாள். கடல்மதிலின் மேல் கல் வழவழப்பாக இருக்கும். அவர் காலையே பார்த்து நடந்தார். எதிரே கோபுரம், அதன் பின்னால் கண் கொள்ளாத கடல், மனிதர் தன் செருப்பைப் பார்க்கிறார். அகத்தினாவுக்குப் பொறுக்கவில்லை. "அட, தலையத் தூக்குங்க சார். வழிய நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் தலையைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு, "இதையே பதிவுல சொல்லுங்கம்மா" என்றார்.

அப்படித்தான் அந்த வாக்கியம் பதிவுக்குள் வந்தது: "இனிக் காலைப் பார்க்காதீர்கள். தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்த்தபடியே நடங்கள். வழியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் குறைந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று. ஒரு கல் ஆடினாலும் தன் தலையில் என்று காலை நடையைத் தொடங்கினாள். நடுவழியில் நிற்கிற ஸ்கூட்டரை அவளே தள்ளி ஓரம்கட்டுவாள். பச்சைக் கதவுக்காரி பிப்பினா நீல வண்ணம் வாங்கி வந்தபோது ஊரே கூடிவிட்டது.

"என் வீட்டுக் கதவுக்கு உங்கிட்ட உத்தரவு வாங்கணுமாடி?"

"உன் கதவு பச்சைன்னு வடக்கே தூரினோலயிருந்து வர்றவன்கூட நம்பி வர்றான். நீலத்தப் பாத்தா நேரா போய்க் கெணத்துச் சந்துல நிப்பான். நீயா போய்க் கூட்டியாருவ?"

பிப்பினா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பச்சைக் கதவின் மேல் புதிய பச்சை பூசியிருந்தது.

சென்ற நவம்பரில் வடமேல்காற்று இரண்டு நாள் ஊரைப் போட்டு உலுக்கியது. மூன்றாம் நாள் வெயில். அகத்தினா வழக்கம்போல நடந்தாள். கடல்மதில் நனைந்திருந்ததே தவிர எல்லாக் கல்லும் இடத்தில் இருந்தது. சந்தேகம் தோன்றிய இடத்தில் ஏறி மிதித்தும் பார்த்தாள். கீழே அலைதான் இன்னும் அடங்காமல் மதிலின் அடிவயிற்றை முட்டிக்கொண்டிருந்தது.

அன்று முதல் ஆள் ஒரு பெரியவர். அட்டையில் அம்ப்ரோஜோ என்று பெயர், மிலான் முகவரி, எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாணவனைப் போல நேராக நின்றார். குரல் "நடங்கள்" என்றதும்தான் முதல் அடி வைத்தார். சிலர் அப்படி, சொல்வதை எழுத்துப் பிசகாமல் கேட்பார்கள்.

முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. துரிட்டு கடைக்குள்ளிருந்து வெளுத்த முகத்தோடு ஓடிவந்தான்.

"அக்கா, மதிலு போச்சு! நடுவுல ரெண்டு கல்லு அப்படியே உள்ள எறங்கிருச்சு. ஓட்டை வழியா தண்ணி தெரியுது. காவலருக்கு என் பொண்டாட்டி போன் பண்றா. யாரும் அந்தப் பக்கம் போகலியே?"

அகத்தினா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியவர் எங்கே இருப்பார் என்று கணக்கிட அவளுக்கு ஒரு நொடி போதும். துணிதுறை முடிந்தது, வளைவு முடிந்தது, கோயில் முடிந்தது. இப்போது மதிலில் ஏறியிருப்பார்.

கூண்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் காப்பிக்கடைக்குள் பாய்ந்தாள். மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே அந்த அகன்ற உடம்பு எப்படிப் புகுந்து போனது என்று துரிட்டு இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வியக்கிறான். இரண்டு மாடி ஏறி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் போய் மோதி நின்றாள்.

கீழே ஐந்தடி அகல மதில். ஒரு பக்கம் வீடுகளின் முதுகு, மறுபக்கம் கடல். பெரியவர் வலக்கையால் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் கருப்பாக வாயைப் பிளந்திருந்தது பள்ளம். அதற்குள்ளிருந்து நுரை எழும்பியது.

"ஐயா! நில்லுங்க! ஐயா!"

அவர் காதில் விழவில்லை. பின்னாலேயே ஏறிவந்த துரிட்டு தொட்டிச் செடியில் இருந்த எலுமிச்சைகளைப் பறித்து வீசினான். முதலாவது கடலில் விழுந்தது. இரண்டாவதும் கடலில். மூன்றாவது மதிலில் பட்டு உருண்டு அவர் செருப்பைத் தாண்டிப் போனது. அவர் பார்க்கவில்லை. துரிட்டு கீழே ஓடினான். சுற்றிக்கொண்டு மதிலுக்குப் போக இரண்டு நிமிடமாவது ஆகும்.

பெரியவரின் கை சுவரிலிருந்த இரும்பு வளையத்தில் பட்டது. நின்று அதை ஒரு முறை தூக்கிப் பார்த்தார். பதிவு அப்படித்தான் சொல்லும். பிறகு தலையை நிமிர்த்தினார். கோபுரத்தைப் பார்த்தார். அவர் முகம் குழந்தை முகம்போல மலர்ந்ததை அகத்தினா மேலிருந்து பார்த்தாள். அந்த நொடியில் அவர் காதுக்குள் என்ன ஒலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வழியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தன் குரலை எதிர்த்துத் தானே கத்திக்கொண்டிருக்கிறாள். காதுக்குள் இருப்பவளோடு மாடியில் இருப்பவள் போட்டிபோட முடியாது. கத்துவதை நிறுத்தினாள். அவள் உதடு தானாகப் பதிவோடு சேர்ந்து ஓடத் தொடங்கியது. இன்னும் நான்கு வாக்கியம். மீனவப் பெண்கள் இங்கே நின்று பாய்மரம் தேடினார்கள். இன்னும் மூன்று. அவர் ஒவ்வொரு அடியாக வைத்தார். இரண்டு. பள்ளத்துக்குப் பத்து அடி இருக்கும். ஒன்று. "இப்போது நான் பேசப்போவதில்லை. கடல் பேசட்டும்." அதற்குப் பிறகு நாற்பது விநாடி மௌனம். பேராசிரியரோடு சண்டை போட்டு அவள் வாங்கிய மௌனம் அது.

அலறினால் யாரோ இரண்டு வீட்டுக்காரிகள் சண்டையிடுகிறார்கள் என்று போய்விடுவார். இந்த ஊரில் ஜன்னலுக்கு ஜன்னல் நாள் முழுக்க அதுதானே நடக்கிறது. அந்தக் குரல் வேண்டும். அகத்தினா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். கோயில் கூடத்தின் கடைசி நாற்காலிவரை போகிற தொண்டையில், ஆனால் பதிவில் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னாள்.

"நில்லுங்கள்."

பெரியவர் நின்றார். வலது கால் தரையைவிட்டு எழும்பியிருந்தது. எழும்பிய கால் எழும்பியபடியே நின்றது.

"காலை முன்னால் வைக்காதீர்கள். பின்னால் வையுங்கள். இப்போது கீழே பாருங்கள்."

காலைப் பின்னால் வைத்தார். கீழே பார்த்தார். ஒரு முழம் தள்ளி மதில் இல்லை. பச்சைத் தண்ணீர் சுழன்றது.

"சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியே திரும்புங்கள். வந்த வழியே, மெதுவாக."

சொன்னதைச் சொன்னபடி செய்தார். இரும்பு வளையத்தருகே துரிட்டு வந்து அவரை அணைத்துப் பிடித்தான். மேலே பார்த்தான். அகத்தினா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு அவள் தலை கைப்பிடிச் சுவருக்கு மேல் தெரியவில்லை. எலுமிச்சைத் தொட்டியோரம் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

துரிட்டு தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் தன் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தூக்கின காலக் கீழ வெக்காம நின்னாருடா."

"நின்னாருக்கா."

"யாரு, எவ, எதுக்குச் சொல்றான்னு ஒரு கேள்வி இல்ல. என் புருஷன் முப்பது வருசத்துல நான் சொல்லி ஒருநாள் நின்னதில்ல. எங்கயோ இருந்து வந்த மனுசன்... உசுரக் கொண்டாந்து என் வாயில குடுத்துட்டு நடந்திருக்காருடா." அவள் கடலைப் பார்த்தாள். "தெனம் நடக்கறாங்க இப்படி. எத்தன பேரு!"

காவலர்கள் வந்து சிவப்பு நாடா கட்டினார்கள். அகத்தினா கூண்டுக்குத் திரும்பினாள். வாசலில் ஒரு குடும்பம் கருவிக்காகக் காத்திருந்தது. இன்றைக்குக் கிடையாது என்று தலையசைத்தாள். அவர்கள் போகவில்லை, காற்று நின்றதே போதும் என்று அங்கேயே வெயில் காய்ந்தார்கள்.

சற்று நேரத்தில் அம்ப்ரோஜோ வந்தார். முகம் இன்னும் சுண்ணாம்பாக இருந்தது.

"அம்மா, இத யாரு செஞ்சாங்க? எங்க டிராம்லகூட இப்படி ஒரு ஏற்பாடு கெடையாது. மதிலு ஒடஞ்சது இதுக்கு எப்படித் தெரியும்? கடல் பேசட்டும்னு சொல்லிட்டுச் சும்மா இருந்துச்சு, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துல போற மனசு அப்படியே அடங்கிருச்சு, அப்போ திடீர்னு நில்லுங்கன்னுச்சு பாருங்க... அந்தம்மா என் பக்கத்துலயே நின்னமாதிரி இருந்துச்சு." ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவங்ககிட்ட யாராவது சொல்லுவீங்களா, நான் நின்னுட்டேன்னு?"

கருவியைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். கூண்டின் சின்ன ஜன்னல் வழியாக அகத்தினாவின் கை வெளியே வந்தது. கருவியைத் தொடாமல் அதைத் தாண்டிப் போய் அவர் மணிக்கட்டைப் பற்றியது. இரண்டு விரலால் நாடியைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, காலையில் படியை எண்ணுவதுபோலவே ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள்.