துடைத்துவிட்ட புள்ளிகள்

1. இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா பகுதியில் அம்மா வேலை செய்யும் வீட்டின் எசமானி சின்யோரா, காலமான தன் கணவரின் கடிதங்களை அயர்லாந்தில் ஒரு நூலகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார். கணவர் ஐரிஷ் மொழியில் எழுதியவர்; இந்த நகரிலேயே முதுமையடைந்தவர்.
2. தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அம்மா என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.
3. வார இறுதிகளில் போய் மூன்று பெட்டிகளையும் ஸ்கேன் செய்து, தாள்களுக்கு எண் கொடுத்து அட்டவணை போட்டேன். அசல் போனபின் சின்யோராவுக்கு மிஞ்சப்போவது இந்தப் பிரதிகள்தான்.
4. வெள்ளிக்கிழமை பெட்டிகளை எடுக்க வண்டி வரும் என்றார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்த அம்மா என் பிழையைக் கண்டுபிடித்தார்.

அந்த வீட்டு நடையில் கண்ணாடிச் சட்டமிட்ட கடிதம் ஒன்று தொங்குகிறது. அதன் பிரதியை அச்சிட்டு மேசையில் வைத்திருந்தேன். அம்மா சுவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"பிள்ளை, இதிலை புள்ளியள் எங்கை?"

"என்ன புள்ளி?"

"எழுத்துக்கு மேலை இருக்கிறது. சட்டம் போட முந்தி நானும் இலையான் எச்சமெண்டு துடைக்கப் போனனான். அது எழுத்து, தொடாதையுங்கோ எண்டு சின்யோராவின்ரை மனுசன் ஓடி வந்தவர். நீ துடைச்சே போட்டாய்."

ஸ்கேனரில் தூசி நீக்கும் வசதியை நான்தான் போட்டிருந்தேன். பழைய தாள் பளிச்சென்று வரட்டும் என்ற ஆசை. அம்மா ஈ எச்சமென்று துடைக்கப் போன புள்ளிகளை அது தூசியென்று எடுத்துவிட்டது. இடம் மிச்சம் பிடிக்க, சுத்தமாக்காத கோப்புகளையும் அழித்திருந்தேன். க்-குக்கும் க-வுக்கும் வித்தியாசம் தெரிந்த நான், அந்தத் தாள்களில் ஒரு புள்ளியையும் தேடவில்லை.

சின்யோராவிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் ஒரு கடிதத்தை எடுத்து, விரலால் காட்டி விளக்கினார். பழைய ஐரிஷ் எழுத்தில் அந்தப் புள்ளி மெய்யெழுத்தின் ஓசையை மாற்றும். சில இடங்களில் புள்ளி போனால் 'அவனுடைய வீடு' என்பது 'அவளுடைய வீடு' ஆகிவிடும். அப்படியானால் என் கணவரின் சொத்தையெல்லாம் எனக்கு எழுதித் தந்துவிட்டாய் என்று சிரித்தார். பிறகு, வண்டியைத் தள்ளிப்போட முடியாது, கணவரின் கையெழுத்தில் மட்டுமே தனக்கு அந்த மொழியை வாசிக்க வரும் என்று மெதுவாகச் சொன்னார்.

நகரின் பொலிதேயாமா பகுதியில் இருக்கும் என் அலுவலகத்தில் நான்கு நாள் விடுமுறை கேட்டேன். தூசி நீக்கும் வசதியை நிறுத்திவிட்டு முதல் தாளிலிருந்து தொடங்கினேன். அட்டவணை ஏற்கெனவே இருந்ததால் வேலை ஓடியது. அம்மா சமையலுக்கும் கூட்டலுக்கும் இடையில் வந்து தாள் எடுத்துத் தந்தார். ஒவ்வொரு பிரதியையும் அசலோடு வைத்துப் பார்த்து, "ஓம், இருக்கு" என்று சொன்ன பிறகே அடுத்ததைத் தந்தார். அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாத அம்மாவை விடக் கவனமான சோதனையாளரை நான் அலுவலகத்தில்கூடக் கண்டதில்லை.

வியாழன் மாலை கடைசித் தாளும் முடிந்தது.

மூன்று பெட்டிகளும் அயர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டன. பிரதிகள் சின்யோராவிடம் இருக்கின்றன. காலையில் ஒரு கடிதம் வாசிக்கிறார். இருநூற்றுப் பதினான்காம் தாளில் மட்டும் ஒரு புள்ளி எழுத்தா இலையானா என்று மூவருக்கும் தெரியவில்லை. அட்டவணையில் அதற்கு நேரே 'உறுதியில்லை' என்று போட்டிருக்கிறேன்.